விடுபட்ட வீடு

எங்கள் சபையின் திருவிருந்துப் பதிவேட்டில், ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கு நேரே ‘இருபத்திரண்டு வீடுகள்’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது. சபையில் இருந்தவை இருபத்து மூன்று.

எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவிலில் ஒரு தெருச்சண்டை முற்றி, ஐந்து பேருக்கு மேல் கூடத் தடை. ஊருக்குப் புதிதான போதகர், திருவிருந்துக்கான அப்பமும் திராட்சை ரசமும் எடுத்துக்கொண்டு தானே வீடு வீடாகப் போவதாக என்னிடம் சொன்னார். "பட்டியல் எழுதிக் கொடும். ஒரு வீடும் விடப்படாது."

தானியேல் வீட்டை நான் விட்டேன். மறதியால் அல்ல. ஆலயத்தில் வேதம் வாசிப்பது பல வருடமாக என் பொறுப்பு. தறி ஓட்டும் தானியேலும் அப்போது வாசிக்கத் தொடங்கியிருந்தார். நான் வாசிக்கும்போது ஆடும் கைவிசிறிகள் அவர் வாசித்தால் நின்றுவிடும். "அவரு வாசிச்சா கண்ணு கலங்குது. நீங்க வாசிச்சா தூக்கம்லா வருது" என்று என் மனைவியே சிரித்தாள்.

போதகர் வீடுகளுக்குப் போய்வந்த மறுநாள் தானியேல் என் வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, பிள்ளைகளோட குளிச்சிக் காத்துக் கெடந்தோம். பக்கத்து வீடு வரைக்கும் வந்த ஐயா எங்க வீட்டுக்கு வரலை. எம்மேல ஏதும் குத்தம் சொன்னாவளா?"

"ரசம் தீந்துபோச்சு தானியேலு."

"அப்பம் மட்டும் தந்திருந்தாலும் போதுமே, அண்ணாச்சி."

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. தடை நீங்கி ஆலயம் திறந்த ஞாயிறு, எல்லோரும் திருவிருந்து வாங்கப் பீடத்தின்முன் முழங்காலிட, அவர் மட்டும் பின்வரிசையிலேயே இருந்தார். வேதம் வாசிக்கவும் மறுத்துவிட்டார். அன்று நானே வாசித்தேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு அவர் குடும்பத்தோடு ராஜபாளையம் போய்விட்டார். அங்கே எந்தச் சபையிலாவது மறுபடி திருவிருந்து வாங்கினாரா என்று இரண்டு பேரிடம் விசாரித்தேன். ஒருவர் வாங்கினார் என்றார், மற்றவர் இல்லை என்றார். எது உண்மை என்று இதுவரை உறுதியாகவில்லை.