அம்மாக்கண்ணு அறுத்த வடம்

காரைக்குடிக்கு இன்னும் ரயில் வராத காலம். குன்றக்குடிக்கு மேற்கே, பருந்துப்பாறை என்ற ஒற்றைக் கல்மலையின் அடியில் இருந்த ஊரில் அம்மாக்கண்ணு வாழ்க்கைப்பட்டிருந்தாள். கணவன் மாயக்கண்ணன் கோடையில் தேனெடுப்பான். பாறையில் வடம் கட்டி இறங்கி, புகை போட்டுத் தேனடை அறுப்பான். மழைக்காலம் பிறந்தால் வடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவான். ஈரப்பாறையில் பாசி படர்ந்துவிடும், ஆடுகூட ஏறாது.

ஆனால் கார்த்திகைத் தீபம் மழைக்குள்தான் வந்தது. அன்று மாலை மேளத்தோடு வந்து, ஊரே பார்க்க ஒருவன் பாறையில் ஏற வேண்டும். உச்சி வேப்பமரத்தில் வடத்தைக் கட்டி, கொப்பரையையும் நெய்க்குடத்தையும் மேலே இழுத்து, தீபம் ஏற்றிவிட்டு அதே வடத்தைப் பிடித்து இறங்க வேண்டும். சுற்றுவட்டாரமே கூடி நின்று அதைப் பார்க்கும். மாயக்கண்ணன் அப்படி ஏறி இறங்கிய ஒரு கார்த்திகையில்தான் கால் வழுக்கி விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து வீட்டுக்குள் தவழ்ந்துதான் போனான்.

ஊர்த் தலைவர் பூமிநாதன் அம்பலம் ஒரே ஒரு முறை வந்து பார்த்தார். "சாமி காரியம், என்ன செய்யிறது" என்றார். வெற்றிலை போட்டுக்கொண்டே போய்விட்டார். அந்த வெற்றிலைச் சாற்றை அவர் அவள் வீட்டு வாசலில் துப்பியதை அம்மாக்கண்ணு மறக்கவே இல்லை.

மறு ஐப்பசியில் தீபத்துக்கு ஏற்பாடு பேச ஊர்க்கூட்டம் கூடியது. மாயக்கண்ணனின் தம்பி பெத்தனை எழுப்பி நிறுத்தி, "இந்த வருசம் நீ ஏறுடா" என்றார் அம்பலம். அத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டான்.

களையெடுத்த சேற்றுக் கையோடு அம்மாக்கண்ணு கூட்டத்துக்குள் வந்தாள்.

"ஒருத்தர முடமாக்கிட்டீக. அடுத்து இவனா?"

"பொம்பளைக்கு இங்க என்ன பேச்சு?" என்று அதட்டினார் அம்பலம்.

"வெளக்குப் போட வேணாம்னு நான் சொல்லல. மழ விட்டு ரெண்டு வெயில் அடிக்கட்டும். அன்னைக்கே ஏறி, நெய்யயும் கொப்பரையயும் மேல இருக்கிற குகையில வச்சிருவோம். புது வடம் திரிச்சுக் கட்டிருவோம். தீபத்துக்கு முந்தின வெயில்ல இவன் போய் அங்குட்டே இருந்துக்கிடட்டும். பொழுது சாய ஏத்தட்டும். மறுநா ஈரம் காஞ்சு எறங்கட்டும்."

அம்பலம் சிரித்தார். "அப்ப வந்த சனம் எதப் பாக்கும்? வெறும் பாறையவா?"

அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சாமிக்காக இல்லை; வேடிக்கைக்காகத்தான் தன் புருஷன் விழுந்திருக்கிறான்.

மறுநாள் மழையில் நனைந்துகொண்டே காரைக்குடிக்கு நடந்தாள். தீபத்துக்கு நெய் கொடுப்பது நாச்சியம்மை ஆச்சியின் வீட்டு நேர்ச்சை. முற்றத்தில் நின்று நடந்ததையெல்லாம் சொன்னாள்.

ஆச்சி திகைத்துப்போனார். "மலைக்குப் படி இருக்குன்னுல்ல நெனச்சேன்!"

"படி இருந்தா எம் புருசன் ஏன் ஆச்சி தவழுறாரு?"

"நெய்யை முன்னாடியே அனுப்பிவைக்கிறேன். ஊரு வழக்கத்துல நான் தலையிட முடியாது ஆத்தா" என்றார் ஆச்சி. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அம்மாக்கண்ணு சாப்பிடாமல் திரும்பினாள்.

நெய் முன்கூட்டியே வந்தது. நடுவில் நல்ல வெயிலும் அடித்தது. அம்பலம் நெய்யைக் கோயில் அறையில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

கார்த்திகையன்று காலையிலிருந்தே தூறல். மாலையில் மேளம் முழங்க, மாலை போட்ட வடத்தைக் கொண்டுவந்து பாறையடியில் வைத்தார்கள். மாயக்கண்ணன் திரித்த பழைய வடம் அது. அவன் விழுந்த அன்று ஈரத்தோடு சுருட்டிக் கோயில் மூலையில் போட்டது, ஒரு வருஷம் அப்படியே கிடந்தது. பெத்தன் அதை எடுக்கக் குனிந்தான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த அம்மாக்கண்ணு இடுப்பிலிருந்த கருக்கரிவாளை உருவினாள்.

"மதினி, வேணாம்!"

அவள் வடத்தை மிதித்துக்கொண்டு அறுத்தாள். வாழைத்தண்டு மாதிரி அறுந்தது. உள்நார் கறுத்து, மக்கி, மாவாக உதிர்ந்தது. இன்னும் இரண்டு இடத்தில் அறுத்தாள். மேளம் நின்றுபோனது.

"பாருடா, இதுலதான் ஒன்னத் தொங்கவிடப் பாத்தாக."

பெத்தன் உதிர்ந்த நாரைக் கையில் எடுத்துப் பார்த்தான். அதைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

அந்த வருஷம் தீபம் பாறையடியில்தான் எரிந்தது. சாமி வடத்தை அறுத்தவள் என்று அந்த வீட்டை ஊர் ஒதுக்கி வைத்தது. கிணற்றில் இறைக்க விடவில்லை, நெருப்புக்கூடக் கொடுக்கவில்லை. அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். மாயக்கண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் தாங்கவில்லை.

"என் கையால திரிச்ச வடம். ஊரு முன்னால மக்குனதுன்னு காட்டிட்டியே" என்றான் அவன்.

"மக்குனது ஒங்க கையாலயா? ஈரத்தோட போட்டு வச்சவுக மேல வராத கோவம் எம் மேல வருதாக்கும்!"

தை முழுவதும் அவன் பேசவில்லை. மாசியில் ஒருநாள் கற்றாழை நார் கொண்டுவரச் சொன்னான். படுத்தபடியே திரிக்கத் தொடங்கினான். அவள் மறுமுனையைப் பிடித்து முறுக்கினாள்.

அடுத்த மழையிலும் ஏற ஆள் கிடைக்காமல், அம்பலம் பெத்தனைக் கூப்பிட்டனுப்பினார். "மதினி சொன்ன மாதிரின்னா ஏறுறேன்" என்றான் அவன். வேறு வழியில்லாமல் அவர் ஒத்துக்கொண்டார். ஐப்பசியில் வெயில் அடித்த நாளில், மாயக்கண்ணன் திரித்த புது வடத்தில் சாமான்கள் மேலே போயின. தீபத்துக்கு முந்தின வெயிலில் பெத்தனும் போனான். கார்த்திகையன்று மழை கொட்டியது. மழை சற்று ஓய்ந்த அந்தியில் உச்சியில் தீபம் எழுந்தது. கூடியிருந்த சனம் கைகூப்பியது. எல்லாம் தம்முடைய ஏற்பாடு என்று அம்பலம் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாக்கண்ணு கும்பிடப் போகவில்லை. வயல் வரப்பில் நின்று, அந்த வெளிச்சத்தை முறைத்துப் பார்த்தாள்.

மறுநாள் உச்சிவெயிலில் பெத்தன் முழுசாக இறங்கி வந்தான். அவள் அவன் தோளையும் முழங்காலையும் தடவிப் பார்த்தாள். பிறகு, "சோத்தத் தின்னுட்டு வயலுக்குப் போ, எருமை! ஏழு காணி வேல கெடக்கு" என்று கத்தினாள். கத்தியபடியே அழுதாள்.