நோன்பு திறக்க என்ன வேண்டும்?

தவக்காலம் தொடங்கியதிலிருந்து என் மகள் ரீத்தா சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால், "ஒருசந்திமா, விடுங்கலா" என்பாள். ஒருசந்தி விரதத்துக்கு உரிய அந்த ஒரு வேளைச் சோறும் தட்டிலேயே கிடக்கும். பதினேழு வயதில் இவ்வளவு பக்தியா என்று எனக்குப் பெருமை. ஒரு ஞாயிறு, பாக்கார் ஆராங்கில் எங்கள் வீட்டு வாசலில், பூசைக்குக் கிளம்பியவள் மயங்கி விழுந்தாள்.

மருத்துவமனையில் அவளிடம் பேச வந்த மனநல ஆலோசகர் ஒரு மலாய்ப் பெண். எங்கள் விரதம் இவருக்கு எப்படிப் புரியும், பக்தியை நோய் என்று சொல்லிவிடுவாரோ என்று பதறினேன்.

அவர் ரீத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு மலாயில் சொன்னார்: "ரமலான் மாசத்துல நானும் நோன்பு இருப்பேன். மத்தியானத்திலிருந்தே, நோன்பு திறக்க என்ன சாப்பிடலாம்னுதான் மனசு ஓடும். உனக்கு என்ன சாப்பிடணும்னு தோணுது?"

அவர் காத்திருந்தார். ரீத்தா என் பக்கம் திரும்பி, தமிழில் சொன்னாள்: "ஒருசந்தி இல்லம்மா. சாப்பிடவே பயமா இருக்கு."

அதை மலாயில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்துவிட்டது.

சிகிச்சை தொடர்கிறது. இப்போது வீட்டில் யார் விரதமிருந்தாலும், அதை முடிக்கும் வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சேர்ந்து சாப்பிடுகிறேன்.

– ஒரு தாய், சுங்கைப்பட்டாணி