மாறு என்று கத்தினேன், மகள் ஓடி வந்தாள்

போன ஜூன் மாதம், பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை, கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மகள் பெனிட்டாவின் வலது கண்ணை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அழக்கூடத் தெம்பில்லை. அந்தக் கண்ணை ஆண்டவர் எப்படித் திருப்பித் தந்தார் என்று சொல்லத்தான், சபையாரே, இன்று எழுந்து நிற்கிறேன்.

நான் கிரேஸ். ஆரியசாலையில் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். நான் புல் வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் வேலை செய்கிறவள். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கம் மிஷின் பிடிக்கிற தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான். பெருமை கூடாது என்று பாஸ்டர் ஐயா சொல்வார். இந்த ஒன்றில் மட்டும் அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

பெனிட்டா எட்டு வயது வரை திருநெல்வேலிப் பக்கம் என் அக்கா வீட்டில் வளர்ந்தாள். இங்கே பள்ளியில் சேர்க்க அந்த வாரம்தான் அழைத்து வந்திருந்தோம். இங்கே ஊர் முழுக்க மலையாளம்; அவளுக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. எனக்கோ பத்து வருஷப் பழக்கம். மிஷினைக் கையில் எடுத்தால் வாயில் மலையாளம்தான் வரும்.

அன்று பூஜப்புரையில் ஒரு வீடு. முதல் மழைக்குப் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. பிள்ளையைத் தனியாக விட மனசில்லாமல் கூடவே கூட்டிப் போனேன். வீட்டு முன்னால் சிட்அவுட் என்கிற திண்ணையில் உட்காரவைத்து, "இங்கன இரி. எறங்கப்படாது" என்று சொன்னேன். வெட்டின புல்லைக் கூட்டுவதற்குக் கொண்டுபோன ஈர்க்குமாறு அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருந்தது.

பாதி வேலையில் திரும்பிப் பார்த்தால் அவள் படியில் இறங்கி நிற்கிறாள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? மிஷினை நிறுத்தியிருக்க வேண்டும். அது பிளேடு சுற்றுகிற மிஷின். கல்லில் பட்டால் தெறிக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் வாயாலேயே விரட்டிவிடலாம் என்கிற திமிர். "மாறு! மாறு!" என்று கத்தினேன். மலையாளத்தில் அதற்கு விலகிப் போ என்று அர்த்தம். அவள் சட்டென்று திரும்பி ஓடினாள். சரி, போய்விட்டாள் என்று நான் செம்பருத்தி வேலிப் பக்கம் திரும்பினேன்.

அடுத்த நிமிஷம் டக்கென்று ஒரு சத்தம். பின்னாலேயே அவள் அலறல். எனக்கு இரண்டடி பின்னால் கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். என் முகத்தில் வலைபோட்ட கவசம் இருந்தது. பிள்ளை முகத்தில் என்ன இருந்தது? ஒன்றுமில்லை.

அந்த வீட்டுச் சேட்டன் காரை எடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, கண்ணுக்குள் இரத்தம் கட்டியிருக்கிறது, அது இறங்கினால்தான் பார்வையைப் பற்றிச் சொல்ல முடியும் என்றார். கண்ணை மூடிக் கட்டி, தலையை உயர்த்தி, ஐந்து நாள் அசையாமல் படுக்கவைத்தார்கள்.

பயம் எனக்குக் கோபமாகத்தான் வரும். கட்டிலில் கிடந்த பிள்ளையிடமே பாய்ந்தேன். "மாறு மாறுன்னு தொண்ட கிழியக் கத்துதேன், எதுக்குட்டி மிஷின் பக்கத்துல வந்த?"

அவள் மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தாள். "யம்மா, நீதான மாறு கேட்ட? அதான் எடுத்துட்டு ஓடியாந்தேன்."

எங்கள் ஊரில் மாறு என்றால் விளக்குமாறு அல்லவா! பிள்ளை சொல் பேச்சுக் கேட்காமல் வரவில்லை. கேட்டதால் வந்தாள். அம்மா இரண்டு தடவை கேட்கிறாளே என்று துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்.

அதுவரை, "பிள்ளை செய்த தப்பை மன்னியும்" என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். அன்று வராந்தாவில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, தப்பு என்னுடையது. கீழ்ப்படிந்த பிள்ளையைக் கைவிடாதேயும்" என்று மட்டும் சொன்னேன். ஐந்து நாளும் அதே ஜெபம்தான். வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் கூடவே இருந்தார். நீங்களும் இங்கே ஜெபித்தீர்கள். நான் மறக்கவில்லை.

வியாழக்கிழமை கட்டைப் பிரித்தார்கள். டாக்டரம்மா அவளுடைய இடது கண்ணை மூடிவிட்டு, "எந்தா காணுன்னே, மோளே?" என்றார்.

"என்ன தெரியுதுன்னு கேக்காங்க" என்றேன்.

பெனிட்டா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தாள். பிறகு வார்டின் மறுகோடியைக் காட்டி, "மாறு" என்றாள்.

எதிரில் நின்ற நர்ஸ், தன்னைத்தான் விலகச் சொல்கிறாள் என்று சட்டென்று ஒதுங்கினார். அவருக்குப் பின்னால், மூலையில், கூட்டுகிற அக்காவின் ஈர்க்குமாறு! நர்ஸின் இடுப்போரமாகத் தெரிந்த அதன் நுனியைப் பார்த்துத்தான் பிள்ளை சொல்லியிருக்கிறாள். "ஞான் மாறியது மதியோ?" என்று நர்ஸ் சிரித்தார். விலகினது போதுமா என்று கேட்கிறார் என்று மகளுக்குச் சொல்லக்கூட முடியாமல், அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். டாக்டர்கள் கை வைத்தார்கள், நன்றி. அந்தக் கைக்கு மேலே ஒரு கை இருந்தது என்பதற்கு நான் சாட்சி.

அன்றிலிருந்து நான் பழைய கிரேஸ் இல்லை. முதலில் முற்றத்துக் கல்லைப் பொறுக்குவேன். பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குள்ளே, கதவு தாழ்ப்பாள். ஒரு தலை வெளியே தெரிந்தாலும் முதலில் மிஷின் நிற்கும், பிறகுதான் வாய் திறக்கும். பிள்ளைகளை உள்ளே கூப்பிட மாட்டேன் என்று சொன்ன ஒரு வீட்டிலிருந்து, மிஷினைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறேன். இதே வேலை செய்கிற மலையாளிப் பெண்கள் முதலில் கேலி செய்தார்கள். இன்றைக்கு அவர்களும் கல் பொறுக்குகிறார்கள். "மாறு சேச்சி" என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். வைக்கட்டும்.

உங்களுக்கும் கையை மீறின காரியம் வரும். அவரிடம் கொண்டுபோங்கள்; தப்பு நம் பக்கம் என்றால் அதையும் மறைக்காமல் கொண்டுபோங்கள். தள்ளமாட்டார்.

போன சனிக்கிழமை இந்தச் சபை முற்றத்தில் நான்தான் புல் வெட்டினேன். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை உள்ளே அனுப்பிக் கதவைப் பூட்டினது பெனிட்டா. ஜன்னலுக்குப் பின்னால் நின்று, இரண்டு கண்ணாலும் பார்த்து, ஒவ்வொரு தலையாக எண்ணினாள். பிறகு எனக்குக் குரல் கொடுத்தாள்: "எல்லாரும் உள்ள இருக்கோம், யம்மா. இப்ப ஸ்டார்ட் பண்ணு."