எங்கள் வீட்டுக் கன்னியும் கேப்டனும்

கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் ஒரு வெள்ளைக்காரக் கேப்டன். பாளையக்காரர்களோடு சண்டை போட வந்தவன், போகிற ஊரிலெல்லாம் ஒரு பிணத்தைப் பார்த்துவிடுவான். யார் கொன்றது என்று கண்டுபிடிக்காமல் கூடாரத்தைப் பிரிக்க மாட்டான். இப்படிக் கதைகள் எழுதித்தான் என் ரிட்டயர்மென்ட் காலம் போகிறது. சங்கரன்கோவிலில் காய்கறி வாங்கப் போனால்கூட விடமாட்டார்கள். "அடுத்து யாரக் கொல்லப் போறிய, அக்கா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் சொத்தைக் கத்தரிக்காயையும் சேர்த்து நிறுத்துவிடுவார்.

இன்னொரு கேள்வியும் வரும். நம்ம ஊர்க் கதைக்கு வெள்ளைக்காரன் எதற்கு, நம்ம ஆள் ஒருவன் துப்புத் துலக்கக் கூடாதா? எனக்கு எரிச்சலாக வரும். நம்ம ஆள் கேட்க மாட்டான் ஐயா, அதுதான் காரணம். ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கிற விஷயத்தில் அவனும் மூடிக்கொண்டுதான் இருப்பான். அந்நியனுக்கு விவரம் தெரியாது, அதனால் கேட்டுவிடுவான்.

நான் பிறந்த வீடு வாசுதேவநல்லூர் பக்கம், குளத்துத் தண்ணீரில் நெல் விளைகிற ஒரு சின்ன ஊர். எங்கள் வீட்டுக்கு ஒரு கன்னி உண்டு. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணை வீட்டுக்குள்ளேயே சாமியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கும்பினிப் படை வாசுதேவநல்லூர்க் கோட்டையை அடிக்க வந்தபோது, சிப்பாய்கள் கையில் சிக்கக் கூடாதென்று கிணற்றில் குதித்தவள் அவள். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லி வளர்த்தார்கள். அந்தக் கிணறு இன்னும் புறவாசலில் இருக்கிறது. யாரும் தண்ணீர் எடுப்பதில்லை, இரும்பு மூடி போட்டிருக்கிறது.

தை மாதத்தில் ஒரு நாள் அவளுக்குப் படையல். புதுச் சித்தாடை, வளையல், ரிப்பன், பவுடர் டப்பா எல்லாம் அவளுடைய பெட்டியில் வைப்போம். அந்த நேரத்தில் வீட்டு ஆண்கள் வாசலுக்கு வெளியே போய்விட வேண்டும். ஏன் என்று கேட்டால், "கன்னிப்பிள்ள, வெக்கப்படுவால்லா" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

இந்த வருஷம் படையலுக்கு முன்னால் அண்ணன் போன் செய்தார். அவருடைய மகள், தன்னோடு வேலை பார்க்கிற பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். பையன் வேறு சாதி. அண்ணன் அவளுடைய போனைப் பிடுங்கிக்கொண்டு, வேலைக்கும் அனுப்பாமல் வீட்டோடு நிறுத்திவிட்டார். "ஏட்டி, நீதான் கதை எழுதுதவ. வந்து அவளுக்குச் சொல்லு. மானத்துக்காவ கிணத்துல குதிச்சவ பொறந்த வீடு இதுன்னு சொல்லு" என்றார். குரல் சரியில்லை. கோபத்தில் பிள்ளையை என்ன செய்துவிடுவாரோ என்ற பயம், புளியங்குடியில் பஸ் மாறி ஊரில் இறங்கிய பிறகும் போகவில்லை. என் வீட்டுக்காரரும் கூட வந்தார்.

படையல் தொடங்கியது. அண்ணன் எழுந்து வெளியே போனார். அவர் மனைவி, என் மதினி, கதவைச் சாத்தினார். பிள்ளை அழுது வீங்கிய முகத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள். சித்தாடையைப் பெட்டியில் வைப்பது என் வீட்டுக்காரரின் வேலை. வீட்டு மாப்பிள்ளைதான் வைக்க வேண்டும் என்பது முறை. சட்டையைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெட்டி முன்னால் போய் உட்கார்ந்தார்.

அப்போதுதான் என் கேப்டன் எனக்குள் வாயைத் திறந்தான். இந்த ஆளும் ஆண்தானே? வெட்கப்படுகிற பெண்ணுக்கு முன்னால் இவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார்?

அட பாவமே! ஊரார் கொலையெல்லாம் கண்டுபிடித்தவள், பிறந்த வீட்டில் இதைக் கேட்காமல் போனேனே. வேற்று வீட்டில் பிறந்த ஆண் அவள் பக்கத்தில் வரலாம். இந்த வீட்டில் பிறந்த ஆண்கள் மட்டும்தான் அவள் முகத்தில் விழிக்கக் கூடாது. அதாவது அவள் தகப்பனும், கூடப் பிறந்தவனும், அவர்கள் வழி வந்தவர்களும். அவள் தானாகக் குதிக்கவில்லை, அவர்கள்தான் தள்ளியிருக்கிறார்கள்.

அதை அங்கேயே, உள்ளே இருந்த எல்லாரும் கேட்கச் சொல்லிவிட்டேன். சித்தாடையோடு என் வீட்டுக்காரர் கை அப்படியே நின்றது. மதினி மட்டும் ஆச்சரியப்படவில்லை. "ஒங்க அம்ம சாவுறதுக்கு முன்ன எங்கிட்ட சொன்னாவ. ஆம்பளைகள வெளிய நிறுத்து, ஏன்னு மட்டும் யார்ட்டயும் சொல்லாதன்னாவ" என்றார். பெற்ற மகளிடம் சொல்லாததை அம்மா மருமகளிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மதினி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். "உள்ள வாங்க" என்றார் புருஷனிடம். "இந்த வருசம் நீங்களே அவளுக்குச் சித்தாடை குடுங்க. குடுத்துட்டு எம்பிள்ளய என்ன செய்யணுமோ செய்ங்க."

"ஏட்டி, கூறு கெட்டுப் போச்சா? நான் உள்ள வரப்படாதுல்லா."

"ஏன்ணே வரப்படாது?" என்று நான் கேட்டேன்.

"அவ வெக்கப்படுவா."

"அப்பம் இவுகள மட்டும் ஏன் உள்ள விட்டிய?"

அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கடைசியில் மகளைப் பார்த்தார். நான் வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் செத்துப்போய், நிலைப்படிக்கு வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பிள்ளையின் போனை எடுத்து நிலைப்படியில் வைத்தார். கல்யாணத்துக்குச் சம்மதம் என்றெல்லாம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டே என்னிடம் பேசினார்.

"இவள இப்பமே உங்கூடக் கூட்டிட்டுப் போயிரு. இங்கன இருக்க வேண்டாம். நேத்து அந்தக் கிணத்து மூடியத் தொறந்து பாத்தேன்ட்டி."

என் கதைகளில் கொலை நடந்த பிறகுதான் வாக்குமூலம் வரும். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.