இடது பின் பாக்ஸ்

கல்யாணம் முடிந்து புதுவாயல் வீட்டுக்கு நான் வந்தபோது அங்கே கட்டில் இல்லை, பீரோ இல்லை. ஹாலில் ஸ்பீக்கர் பாக்ஸ்கள் இருந்தன. முன்பக்கம் இரண்டு, டிவிக்குக் கீழே படுக்கவைத்த மாதிரி ஒன்று, பின்சுவரில் ஆணியடித்து மாட்டிய இரண்டு. மூலையில் தரை அதிர்கிற சத்தத்துக்கென்று ஒரு பெரிய பாஸ் பெட்டி. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதை மட்டும் நகர்த்தாதே என்பதுதான் என் வீட்டுக்காரர் அந்த வீட்டில் எனக்குச் சொன்ன முதல் விஷயம்.

அதற்கு முன்னால் அவர் சென்னையில் ஹோம் தியேட்டர் விற்கிற கடையில் வேலை பார்த்தவர். பணக்கார வீடுகளுக்குப் போய் வயர் இழுத்து, பாக்ஸ் மாட்டி, சத்தம் சரியாக வருகிறதா என்று போட்டுக் காட்டிவிட்டு வருவார். வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் கார் வெடிக்கிற சினிமா சீன்தான் வேண்டும். கடை ஓனர் எங்கிருந்தோ வரவழைத்திருந்த வெளிநாட்டுப் பாட்டு டிஸ்குகள் ஒரு அட்டைப்பெட்டியில் தூசி படிந்து கிடந்தன. பிரிட்டிஷ் ராக் ஆல்பங்கள், சுற்றியிருக்கிற எல்லா பாக்ஸிலும் பிரிந்து வருகிற மாதிரி சரவுண்டில் மறுபடி மிக்ஸ் செய்தவை. ஒரு மத்தியானம் ஆள் வராத நேரத்தில் அவர் அதில் ஒன்றைப் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு வேறு பாட்டு பிடிக்காமல் போய்விட்டது. கடையை மூடியபோது அந்தப் பெட்டியையும் ஷோரூமில் வைத்திருந்த பழைய பாக்ஸ்களையும் ஓனர் அவருக்கே கொடுத்துவிட்டார். அதற்கப்புறம்தான் கும்மிடிப்பூண்டியில் இரும்பை அடித்து உருவாக்குகிற ஃபோர்ஜிங் கம்பெனி வேலை.

முதல் ஞாயிற்றுக்கிழமை என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாடுகிறவன் முன்னால் இருந்து முனகினான். கிதார் இரண்டு பக்கமும் மழை மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது. திடீரென்று என் தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

“அந்த மூச்சு ஆரம்பத்துலருந்தே ரெக்கார்டுலதான் கீது. ரெண்டே பாக்ஸ்ல எல்லாத்தையும் போட்டு அமுக்கினதால காணாம பூட்ச்சு. ஒர்த்தன் பொறுமையா குந்திக்கினு அத்தினியும் பிரிச்சி, இது இங்க, அது அங்கன்னு வச்சிகீறான் பாரு,” என்றார்.

பாட்டின் அர்த்தம் அவருக்கும் முழுசாகத் தெரியாது. பாடினவர்கள் ஊரிலும் மில்லெல்லாம் மூடிப்போய், வேலையில்லாமல், எப்போதும் மழை பெய்து, பையன்கள் ரூமுக்குள் உட்கார்ந்து பாடின பாட்டு என்று எங்கோ படித்திருந்தார். எனக்கு அந்த அழுகை அலுக்கவில்லை. நான் மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிற வேலை முடிந்து வந்து சமைப்பேன். பின்பாக்ஸ் இரண்டும் அடுப்படிக்குப் பக்கத்தில்தான் இருந்தன. அதனால் பாட்டின் பின்பாதி மட்டும் எனக்கு மனப்பாடம் ஆனது. பாடகன் என்ன பாடினான் என்று தெரியாது. அவனுக்குப் பின்னால் யார் ஊ என்று இழுத்தார்கள், எங்கே பியானோ ஒற்றைக் கட்டையாக விழும் என்று தெரியும்.

கம்பெனியில் அவர் வேலை ஹேமர் மிதிப்பது. பழுக்கக் காய்ந்த இரும்பைக் கூட்டாளி ஒருவர் இடுக்கியில் பிடித்து அச்சின் மேல் வைப்பார். இவர் பெடலை மிதித்தால் மேலிருந்து சம்மட்டி இறங்கும். அந்தக் கூட்டாளி பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம். ஏரியில் மீன் குறைந்து போனதால் இரும்புக்கு வந்தவர். இரண்டு பேரும் ஒரே ஷிஃப்ட், ஒரே பைக். சம்மட்டிச் சத்தத்துக்குக் காதில் வைக்க ஸ்பாஞ்சு கொடுத்திருந்தார்கள். வியர்வையில் ஊறி அது நழுவி விழும், வைத்தால் கூட்டாளி சொல்வது கேட்காது. யாரும் வைப்பதில்லை.

பெண் குழந்தை பிறந்து அது நடக்க ஆரம்பித்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் இடது பின் பாக்ஸைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். அது செத்துவிட்டது என்றார். வயரை மாற்றினார். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைத் துடைத்தார். வலதுபக்க பாக்ஸைக் கொண்டுபோய் இடதுபக்கம் மாட்டினார். அதுவும் அங்கே போனதும் செத்துவிட்டது என்றார்.

நான் அடுப்படியில் இருந்தே, “நல்லாத்தான வருது” என்றேன்.

அவர் நம்பவில்லை. என்ன வருகிறது என்று கேட்டார். ஒரு பொம்பளைக் குரல் ஊ என்று இழுக்கிறது, அதற்குக் கீழே வயலின் என்று சொன்னேன். அவர் பாட்டை நிறுத்தினார். பிறகு யாரும் தொடக்கூடாது என்று சொன்ன அந்த நாற்காலியைத் தூக்கித் திருப்பிப்போட்டு, பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். இப்போது அந்த பாக்ஸ் அவருக்கு வலதுபக்கம். பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். குரல் வருகிற இடம் வந்ததும் அவர் தலை லேசாக ஆடியது.

“பாக்ஸ் நல்லாதான் கீது,” என்றார். குழந்தை அவர் மடியில் ஏறப் பார்த்தது. அவர் தூக்கவில்லை.

பொன்னேரியில் ஒரு காது டாக்டரிடம் போனோம். இடது காதில் நரம்பு போய்விட்டது, வலதும் போய்க்கொண்டிருக்கிறது, திரும்பி வராது, சத்தமில்லாத வேலைக்கு மாறுங்கள் என்றார். மாறப் பார்த்தார். லீவு நாளெல்லாம் போய்க் கேட்டார். சில இடத்தில் வயது, சில இடத்தில் படிப்பு. ஆள் எடுக்கிற ஒரு கம்பெனியில் காது டெஸ்ட் வைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பேசாமல் பழைய வேலைக்கே போய்க்கொண்டிருந்தார். வீட்டில் வால்யூம் ஏறிக்கொண்டே போனது. மாடியில் இருந்தவர்கள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பின்னால் என்ன வருகிறது என்று கையால் காட்ட ஆரம்பித்தேன். பியானோ வந்தால் விரலைத் தட்டுவேன். குரல் வந்தால் உள்ளங்கையை மெதுவாகத் தூக்குவேன். அவர் கண்ணை மூடாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அது நடந்தது ஒரு காலை ஷிஃப்டில். இரும்பு அச்சில் ஒட்டிக்கொண்டது. கூட்டாளி இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, கம்பியால் அதை நெம்பிவிடக் குனிந்திருக்கிறார். இரு என்று சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரர் அடுத்த துண்டு வருகிறதா என்று ஃபர்னஸ் பக்கம் பார்த்துக்கொண்டே மிதித்துவிட்டார். கூட்டாளிக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

என் வீட்டுக்காரரை அன்று சாயங்காலம் ஆபீஸில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க, பின்னால் ஒருவர் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். இவர் திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார். முன்னால் இருந்தவர் முகம் மாறுவதைப் பார்த்துத்தான் தனக்குப் பின்னால் ஆள் நிற்பதே இவருக்குத் தெரிந்ததாம். காது கேட்காததை மறைத்து வேலை செய்தவன் என்று எழுதி, மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். விபத்துக்கு இவர்தான் காரணம், கம்பெனி இல்லை என்று ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போய்க் கூட்டாளியை நான்தான் பார்த்துவிட்டு வந்தேன். இவர் உள்ளே வரவில்லை. கேட் வரைக்கும் வந்து டீக்கடையிலேயே நின்றுவிட்டார்.

கட்டுப் பிரித்த பிறகு கூட்டாளியே ஒரு நாள் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பையில் இறால் கொண்டுவந்திருந்தார். நான் “வாண்ணே” என்றேன். இவர் எழுந்து சுவரோரம் நின்றார். கூட்டாளி அவருக்கு எதிரில் வந்து, வாயைப் பார்த்தே புரிந்துகொள்ளட்டும் என்று ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார்.

“மச்சான், உனுக்குக் கேக்கலன்னு எனுக்குத் தெரியும். ஒரு வருசமா வாயால சொல்றத வுட்டுட்டு இடுக்கியத் தூக்கித்தான காட்னேன். அன்னிக்கு இடுக்கி கைல இல்ல. வாயால சொல்லிட்டேன்.”

கூட்டாளி நல்லாயிருந்த கையால் இவர் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். நான் இறாலை ஆயப் போய்விட்டேன். அங்கே இருக்க முடியவில்லை. கூட்டாளி இடது கையால் சாப்பிட்டார், சோறு சிந்தியது, என் மகள் சிரித்தாள், அவரும் சிரித்தார். இவர் மட்டும் சாப்பிடவில்லை. வலை இழுக்க அந்தக் கை உதவாது, கரையில் உட்கார்ந்து மீன் ஏலம் கூப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கூட்டாளி கிளம்பிப் போனார். இன்றைக்கும் போன் செய்வார். நான்தான் பேசுகிறேன். பழவேற்காட்டுக்கு ஒரு தடவை போய்விட்டு வரலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் இவர் தலையாட்டுவார். போனதில்லை.

இப்போது நாங்கள் திருநின்றவூரில் இருக்கிறோம். இவர் ஒரு அபார்ட்மென்டில் பகல் வாட்ச்மேன். அங்கே இருப்பவர்கள் ஹாரன் அடிக்க மாட்டார்கள், லைட் போட்டுக் காட்டினால் கேட்டைத் திறப்பார். அரசாங்க ஆஸ்பத்திரியில் காது மெஷின் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு ஒரு ஞாயிறு மத்தியானம் பாக்ஸையெல்லாம் எடுத்து மாட்டினார், எத்தனையோ நாளைக்கப்புறம். ஒரு பாட்டு முடிவதற்குள் மெஷினைக் கழற்றி அதன் டப்பாவில் வைத்துவிட்டார். தகரத்தை ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கிறது என்றார்.

பாட்டை நிறுத்தப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

“நீ கேளு,” என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் கையால் எதுவும் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. டிஸ்க் அது பாட்டுக்கு ஓடியது. கடைசிக்கு முந்தின பாட்டில் ஓரிடத்தில் எல்லாம் அடங்கி, சட்டென்று பின்னாலிருந்து ஒரு கூட்டமே சேர்ந்து பாடும். எனக்குத் தெரிந்த இடம்தான். இருந்தும் என்னை அறியாமல் திரும்பிவிட்டேன். நான் திரும்புவதைப் பார்த்து அவரும் திரும்பினார். பின்சுவரில் மகளின் ஸ்கூல் யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. பாட்டு முடிகிறவரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.