கண் பழசு என்று ஒரு மெமோ

திருவனந்தபுரத்தில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு அட்டெண்டர் வேலை. படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. காலையில் ஆடு அறுக்கிற இடத்துக்குப் போய்க் கண் வாங்கி ஐஸ் பெட்டியில் கொண்டுவருவேன். மத்தியானம் பாட்டில் கழுவுவேன். பதினோரு வருஷமாக இதுதான்.

கண் எதுக்கு என்று சேர்ந்த புதிதில் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவி மேடம் சொன்னார். கண்ணுக்குள் பின்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு, ரெட்டினா. அதில் நரம்பு செல்கள். செல்லின் சுவரில் பொட்டாசியம் போக நிறையக் கதவுகள். அதில் ஒரு வகைக்கு, உள்ளே கால்சியம் வந்தால்தான் திறக்க மனசு வரும். திறந்தால் பொட்டாசியம் வெளியே போகும், துடிக்கிற நரம்பு அடங்கும். இவர்கள் அந்தக் கதவைத்தான் பார்க்கிறார்கள். கதவு திறந்தால் கம்ப்யூட்டரில் கோடு எழும்பும்.

போன வருஷம் ஒரு புது சயின்டிஸ்ட் வந்தார். நாகர்கோவில்காரர், எங்கள் ஊர்ப்பக்கம். சந்தோஷப்பட்டேன். மூன்று வாரமாக அவர் கோடு எழும்பவில்லை, படுத்தே கிடந்தது.

"அண்ணாச்சி, இது நேத்தைக்குள்ள கண்ணா?"

"இன்னைக்கு காலைல அறுத்தது சார்."

"அப்போ வழியில எங்க நின்னீரு? பழவங்காடில தேங்கா உடைக்கவா?"

கூட வேலை பார்க்கிற நாலு பேர் சிரித்தார்கள். அறுத்த கண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலில் நிற்பேனா? பெட்டி கையில் இருந்தால் பஸ்ஸில் இருந்துகூடக் கும்பிட மாட்டேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுத்தான் தேங்காய். அந்த ஊர்க்காரருக்கு இது தெரியாதா? தெரிந்துதான் கேட்டார்.

ஆடு அறுக்கிறவரிடம் சொன்னேன்.

"எந்தா அண்ணாச்சி, உங்க சாருக்கு ஆட்டோட ஜாதகமும் வேணுமோ?" என்றார். கத்தி நிற்கவில்லை. "என் கையால பழசு குடுத்தேன்னு இன்னொரு தடவ சொன்னா, கண்ணும் கிடையாது காதும் கிடையாது, சொல்லிரும்."

அந்த வாரமே அவர் எழுதின மெமோ எனக்கு வந்தது. பழைய கண் கொண்டுவருவதால் வேலை கெடுகிறது என்று. என்னுடையது வருஷாவருஷம் புதுப்பிக்கிற வேலை. அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். பைலில் அந்தக் காகிதம் இருந்தால் புதுப்பிக்க மாட்டார்கள்.

மெமோ வந்த அன்று மத்தியானம், செல்லை நனைக்க அவர் கலக்கிய சொல்யூஷன் பாட்டிலைக் கழுவ எடுத்தேன். வழக்கமாக அலசிவிட்டுத்தான் தருவார், அன்றைக்கு அப்படியே விட்டிருந்தார். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது, வெந்நீர் காய்ச்சுகிற பாத்திரத்தில் படிகிற மாதிரி. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் முதலில் ஆக்ஸிஜனும் கரியமில வாயுவும் கலந்த காஸ் விட வேண்டும், அப்புறம்தான் கால்சியம். முந்திப் போட்டால் கால்சியம் வெள்ளையாக அடியில் இறங்கிவிடும். மேடம் இதைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார். இவர் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றிச் செல்லுக்குக் கொடுத்திருக்கிறார். கால்சியம் பாட்டிலில் கிடக்கிறது, கதவு எப்படித் திறக்கும்?

"சார், காஸ் விடுறதுக்கு முன்னாடி கால்சியம் போட்டீங்களா?"

"உம்ம வேலை கழுவுறது. கழுவும்."

நான் கழுவவில்லை. அப்படியே மேடத்திடம் கொண்டுபோய் வைத்தேன். மேடம் தூக்கிப் பார்த்தார். மறுநாள் தன் கையாலேயே சொல்யூஷன் போட்டார். நான் அதே ஆளிடம் வாங்கி, அதே பஸ்ஸில் கண் கொண்டுவந்தேன். கோடு எழும்பியது.

"இன்னைக்கு கண் நல்லா இருக்கு" என்றார் நாகர்கோவில்காரர். அவ்வளவுதான்.

இன்றைக்கா? என்றைக்கும் நல்லாத்தான் இருந்தது.

மெமோவை பைலிலிருந்து எடுக்கச் சொல்லி மேடத்திடம் கேட்டேன். "விடுங்க அண்ணாச்சி, அதான் சரியாயிடுச்சே" என்றார் மேடம்.

யாருக்குச் சரியானது?

மறுநாள் ஐஸ் பெட்டியைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பத்து மணிக்கு அவர் வந்தார்.

"கண் எங்க?"

"நான் பழசு கொண்டாறவன். நல்லதா நீங்க போய் வாங்கிட்டு வாங்க சார்."

கத்தினார். நான் எழுந்திருக்கவில்லை. மேடத்திடம் போனார். உள்ளே என்ன பேசினார்களோ, வெளியே வந்து அந்த மெமோவின் அடியில் எழுதினார்: தவறு சொல்யூஷனில், கண்ணில் இல்லை. கையெழுத்தும் போட்டார்.

"சத்தமா வாசிங்க சார்" என்றேன். அன்றைக்குச் சிரித்த நாலு பேரும் அங்கேதான் இருந்தார்கள். வாசித்தார்.

"சரி, இப்பவாவது போவீரா?"

"இப்போ அறுப்பு முடிஞ்சிருக்கும் சார். நாளைக்குக் கொண்டாறேன்."