இழுக்காமல் விட்ட கை

எங்கள் பட்டறைக் கால்பந்து அணியின் பின்வரிசைக்காரர்கள் கள்ளுக் குடித்துவிட்டுத்தான் களத்தில் இறங்குகிறார்கள் என்று நாங்கள் பிழைக்க வந்த பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு பேச்சு இருந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் பெனால்டி கொடுக்கிறவர்களைப் பற்றி வேறென்ன பேசுவார்கள்? கோலுக்கு முன்னால் கோடு போட்ட கட்டத்துக்குள் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள், காலை வாரி விடுவார்கள், நடுவர் ஊதுவார். அப்புறம் நான் ஒற்றை ஆளாகக் கோலில் நிற்க, எதிரே ஒருவன் பந்தை வைத்து நிதானமாக அடிப்பான். நான்தான் கோல் கீப்பர். அந்த வருடங்களில் என்னைத் தாண்டி வலைக்குள் போன பந்துகளில் பாதிக்கு மேல் அப்படிப் போனவைதான். எரிச்சலில் பல நாள் எனக்குச் சாப்பாடு இறங்கியதில்லை.

குடி என்பது சுத்தப் பொய். பின்வரிசையில் இடது பக்கம் பேக்காக ஆடிய அண்ணன் வெற்றிலைகூடப் போடமாட்டார். சொந்த அண்ணன் இல்லை. உலையில் எனக்குப் பக்கத்தில் நின்று இரும்பு காய்ச்சியவர், பட்டறை ஆட்கள் குடியிருந்த லயத்தில் எங்களுக்கு அடுத்த கதவு. மனைவி, கைக்குழந்தை என்று குடும்பக்காரர். சாலையில் சைக்கிள்காரன் வந்து இவரை இடித்தாலும் மன்னிப்புக் கேட்பது இவராகத்தான் இருக்கும். அப்பேர்ப்பட்ட மனிதர் சனிக்கிழமை சாயங்காலம் ஆளைப் பிடித்து விழுத்துகிறார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

ஈயத்தின் விலை விழுந்துகிடந்த காலம் அது. ஈயம் தோண்டும் இயந்திரங்களுக்கு நாங்கள் பாகங்கள் வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இயந்திரங்கள் நின்றதும் எங்கள் உலையும் பாதி நாள் அணைந்துவிட்டது. மாதம் ஒரு கூட்டமாக ஆட்களைக் கணக்குத் தீர்த்து, கிள்ளானுக்கு ரயிலேற்றி, துறைமுகத்திலிருந்து நாகப்பட்டினம் கப்பலில் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பினார்கள். யார் போவது என்று முடிவு செய்தவர் மேனேஜர் துரை. யார் அணியில் ஆடுவது என்று முடிவு செய்தவரும் அவர்தான். ஆட்டக்காரனை மட்டும் கப்பலேற்றமாட்டார். அணி மேல் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம்.

பைத்தியம் இருந்ததே தவிர ஆட்டம் தெரியாது. முட்டி மோதுகிறவன் அவருக்கு ஆண்பிள்ளை, எதிராளியைத் தாண்ட விட்டவன் சோம்பேறி. பேக்கைத் தாண்டி வந்து எவனாவது கோல் போட்டால், கோட்டோரம் நின்று அந்த பேக்கையே முறைப்பார். அப்படி முறைக்கப்பட்டவன் கொஞ்ச நாளில் அணியில் இருக்கமாட்டான், அப்புறம் ஊரிலேயே இருக்கமாட்டான். பெனால்டியில் கோல் விழுந்தாலோ அவர் நடுவரைத்தான் திட்டுவார். பிறகு பேக்குகள் வேறெப்படி ஆடுவார்கள்? அணி தோற்றது, அவர்கள் பிழைத்தார்கள்.

இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும், என் கைகள் மேல் எனக்கிருந்த கர்வம் சும்மா இருக்க விடவில்லை. ஒருநாள் தோற்றுவிட்டுத் தண்டவாளத்தோரமாக நடந்து வரும்போது அண்ணனிடம் ஆரம்பித்தேன்.

"நீங்க இழுக்காம விட்டிருந்தா நான் புடிச்சிருப்பேண்ணே. ஓரத்துலேர்ந்துதான் அடிக்க வந்தான்."

"நீ புடிப்பே தம்பி, தெரியும். தொரை என்னையத்தான பாப்பாரு?"

"கோலே விழலன்னா எதுக்குப் பாக்கப் போறாரு? ஒரு தடவ என்னை நம்பி விட்டுப் பாருங்கண்ணே."

"சரிலா, பாக்கலாம்" என்றார்.

அடுத்த ஆட்டம் கிள்ளான்காரர்களோடு. ஆளுக்கு ஒரு கோல் என்று சமமாக நின்றது. முடியப்போகிற நேரத்தில் அவர்களுடைய ஆள் ஒருவன் அண்ணனை ஏமாற்றித் திரும்பிக் கட்டத்துக்குள் நுழைந்தான். அண்ணனின் கை அவன் சட்டைக்கு நீண்டது. "விடுங்கண்ணே!" என்று கத்தினேன். நீண்ட கை மடங்கியது. வந்தவன் அடித்தான், நான் பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தேன். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நாங்கள் தோற்காமல் வெளியே வந்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கூத்தாடினார்கள். அண்ணன் என் தலைமுடியைக் கலைத்துவிட்டுச் சிரித்தார். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அதையும் நல்லதென்றே எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை எங்களை வேலை வாங்கும் மண்டோர் உலைக்கு வந்து அண்ணனிடம் சொன்னார்: "கைய மடக்கிக்கிட்டு நின்னு வேடிக்க பாக்குற ஆளு டீம்ல வேணாமாம். தொரை சொல்லிட்டாரு."

ஆபீஸில் கணக்கெழுதிய, ஆங்கிலம் தெரிந்த கிராணி ஒருவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு துரையிடம் போனேன். கோல் விழவில்லையே என்று சொல்லச் சொன்னேன். துரை சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். கிராணி என் முகத்தைப் பார்க்காமல் மொழிபெயர்த்தார்: "அது உன் சாமர்த்தியமாம்." அந்த மாதக் கப்பலில் அண்ணனுக்கும் இடம் போட்டுவிட்டார்கள்.

வழியனுப்பத் துறைமுகம் வரை போனேன். அண்ணி குழந்தையோடு மற்றப் பெண்களுடன் முன்னால் போய்விட்டார். நான் அண்ணனின் தகரப்பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுத்தேன். அண்ணன்தான் பேசினார்.

"எனக்குப் பதிலா யாரு?"

"தச்சுப் பட்டறையில ஒருத்தருண்ணே."

"புள்ளகுட்டி இருக்கா?"

"இருக்கு. ரெண்டு."

அவர் தகரப்பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "அப்ப என்கிட்ட சொன்னத அவன்கிட்ட சொல்லிடாத தம்பி. இழுத்துப் போடட்டும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சனிக்கிழமை புது பேக்கும் கட்டத்துக்குள் எதிராளி ஒருவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து விழுத்தினான். நடுவர் ஊதினார். சுற்றி நின்றவர்கள் குடிகாரப் பயல்கள் என்று கூவினார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் கோலில் போய் நின்றேன்.